கடலோர வீட்டில் வாஷிங் மெஷின்: வாங்குவது முதல் பழுது பார்ப்பது வரை

கடற்கரைக்கு அருகே புதிதாகக் குடிவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு மெஷினின் அடித்தகடு துருவேறி உதிரத் தொடங்கியபோது மோட்டாரும் மெஷினை இயக்கும் மின்னணு போர்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. வாரண்டிக் காலமும் முடிந்திருக்கவில்லை. ஆனாலும் சேவை மையம் கையை விரித்துவிட்டது. துருவுக்கு வாரண்டி பொருந்தாது என்ற ஒற்றை வரி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்த அலைச்சலில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: கடலோரத்தில் மெஷினைச் சீக்கிரம் வீணாக்குபவை உப்புக் காற்றும் உவர்நீரும்தான். இவை இரண்டையும் முதல் நாளிலிருந்தே கவனித்தால் பழுதுச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

1. வாங்கும் முன்பே கேட்க வேண்டியவை

முதலில் வெளிக்கூட்டைப் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை என்பதால் அவற்றில் துருப்பிடிக்க இடம் குறைவு. டாப் லோடு, ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் பெரும்பாலும் பெயிண்ட் பூசிய இரும்புத் தகடுதான் இருக்கும். அவற்றின் கீழ்விளிம்பையும் பின்பக்கத் திருகாணிகளையும் குனிந்து பாருங்கள். தகட்டை வெட்டி மடித்த ஓரங்களில் பெயிண்ட் சரியாகப் படியாமல் இருந்தால் துரு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும்.

ஃப்ரண்ட் லோடு வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டி திருகாணியால் பூட்டப்பட்டதா, உருக்கி ஒட்டப்பட்டதா? ஒட்டப்பட்ட தொட்டியாக இருந்தால், பின்னாளில் டிரம் சுழலத் தாங்கும் பேரிங் கெடும்போது பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை. தொட்டி, டிரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாகமாக வாங்க நேரிடும். விற்பனையாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கேளுங்கள். பேரிங்குக்கும் அதற்குள் நீர் புகாமல் காக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்துக்கும் கடலோரத்தில் ஆயுள் குறைவு என்பதால், இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பின்னால் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

போர்டு முழுவதும் ஈரம் படாதபடி ரெசின் (பிசின் போன்ற பூச்சு) ஊற்றி மூடப்பட்டிருக்கிறதா, அடிப்பக்கத்தில் எலி புகாத தடுப்பு உண்டா என்றும் விசாரியுங்கள்.

கவனிக்க: மோட்டாருக்குப் பத்தாண்டு வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது மோட்டாருக்கு மட்டும்தான். போர்டு, பம்ப், பேரிங், தகடு எதுவும் அதில் சேராது. வந்து பார்க்கும் கட்டணமும் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

2. வைக்கும் இடம்

கடலைப் பார்த்த பால்கனியில் வைக்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால், காற்று நேராகப் படாதபடி மறைப்பாவது அமையுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரிலும் வேண்டாம். குளிக்கும் நீர் தெறிக்கும் குளியலறையும் உகந்த இடமில்லை.

மெஷினின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று புகுந்து ஈரம் காயும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். தரை ஈரமாகும் இடமென்றால் உறுதியான பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் ஸ்டாண்டு பயன்படுத்துங்கள். இரும்பு ஸ்டாண்டு தானும் துருப்பிடித்து, மெஷினின் காலையும் துருப்பிடிக்க வைத்துவிடும். ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சமன் செய்யுங்கள். ஃப்ரண்ட் லோடு என்றால், பின்பக்கத்தில் போக்குவரத்துக்காகப் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று பொருத்த வந்தவர் கிளம்புவதற்கு முன் நீங்களே கண்ணால் பாருங்கள். அவை பூட்டியபடியே மெஷின் ஓடினால் முதல் பிழிதலிலேயே அது ஆட்டம் போட்டுச் சேதமாகும். கழற்றிய போல்ட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது தேவைப்படும்.

பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். துவைத்து முடித்த கையோடு உறையை மாட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. உறைக்குள்ளேயே வியர்த்து, மூலைகளில் துரு பிடிக்கும். மெஷின் நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே மட்டும் ஒரு பருத்தித் துணி விரித்தால் போதும்.

3. தண்ணீரைச் சோதியுங்கள்

கடலோரக் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இரண்டு வேறு தொல்லைகள் கலந்திருக்கும். ஒன்று கடினத்தன்மை, கால்சியமும் மக்னீசியமும் அதற்குக் காரணம். இன்னொன்று உப்பு, குளோரைடு அதற்குக் காரணம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பலர் தவறான கருவிக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் அளக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர். 120-ஐத் தாண்டினால் கடினநீர். 180-ஐயும் தாண்டினால் மிகக் கடினநீர். நீரில் முக்கி எடுக்கும் சோதனைத் தாள் வாங்கினால் சில நிமிடங்களில் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம்தான். அதில் எவ்வளவு கடினத்தன்மை, எவ்வளவு குளோரைடு என்று அது பிரித்துச் சொல்லாது. குளோரைடு ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நாக்கில் உப்புக் கரிக்கத் தொடங்கும். ஆகவே வாயில் கரிக்கும் தண்ணீர், மெஷினின் உலோகப் பாகங்களுக்கு நல்லதல்ல என்று உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். சரியான அளவு வேண்டுமென்றால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்து, இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். ரெசின் மணிகள் நிரப்பிய வாட்டர் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதனால் கடினநீர் விடும் சுண்ணாம்புப் படிவு குறையும், சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் குளோரைடு அப்படியே இருக்கும். துருப்பிடிக்கும் வேகம் குறையாது. இதை விற்க வருபவர்கள் சொல்ல மாட்டார்கள். ஹோஸில் மாட்டும் சிறிய பாஸ்பேட் குப்பி, படிவு ஒட்டாமல் ஓரளவு தடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உப்பை நீக்க எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறை தேவை; துணி துவைக்கும் அளவுக்கு அந்த நீரைத் தயாரிப்பது செலவும் விரயமும் அதிகமான வேலை.

நடைமுறையில் எனக்குப் பலன் தந்தது, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் முடிப்பது. குழாய் நல்ல தண்ணீர் வரும் நேரத்தைப் பார்த்துத் துவைப்பதோ, தேக்கிய மழைநீரைத் தனித் தொட்டியிலிருந்து இணைப்பதோ உங்கள் வசதி. டாப் லோடு என்றால் கடைசி அலசலுக்கு வாளியால் மொண்டு ஊற்றலாம். டிரம்மிலும் அதன் பின்புறத் தாங்கியிலும் உப்புநீர் காய்ந்து படியாமல் இருக்க இது உதவுகிறது.

4. மின் இணைப்பு

இதில் சிக்கனம் வேண்டாம். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துச் சோதித்து வாங்குங்கள். கடலோரத்தில் எர்த் கம்பியின் இணைப்புகளே துருவேறி அறுந்துபோகக்கூடும். வெளியே பார்த்தால் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இருக்க வேண்டும். பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைப் படிவோ, சாக்கெட்டில் கருகலோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மெஷினைத் தொடும்போது சுரீர் என்று லேசாக உணர்ந்தாலும் மெயினை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பது உயிரோடு விளையாடுவது.

5. காகிதங்களை முதல் நாளே சேருங்கள்

பழுது வரும் நாளில் தேடினால் கிடைக்காது. இவற்றை ஒரே உறையில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்து வையுங்கள்: வாங்கிய பில், கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டை, பொருத்திய நாளின் சேவைச் சீட்டு, கையேடு, நீர்ப் பரிசோதனை முடிவு.

மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரைத் தனியாகப் படம் எடுங்கள். ஃப்ரண்ட் லோடில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும்; டாப் லோடில் பின்பக்கத்தில் இருக்கும். உப்புக் காற்றில் அந்த எழுத்து மங்கிப்போகும். சீரியல் எண் படிக்க முடியவில்லை என்று சொல்லி வாரண்டியை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

வாரண்டி அட்டையில் விலக்குகள் என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். துரு, எலிக்கடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், நீரின் தரத்தால் வரும் சேதம், பிளாஸ்டிக் உடைதல் ஆகியவை பெரும்பாலும் அங்கே பட்டியலிடப்பட்டிருக்கும். நீட்டித்த வாரண்டியோ ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமோ எடுக்குமுன், பாகங்களுக்கும் சேர்த்தா, கூலிக்கு மட்டுமா, துரு சேருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். துரு சேராது என்றால் கடலோர வீட்டுக்கு அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு பாதியாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

6. துவைக்கும் விதம்

கடலில் குளித்த துணியையும் மணல் ஒட்டிய துண்டையும் நேரே மெஷினில் போடாதீர்கள். வெளியே உதறி, வாளி நீரில் ஒருமுறை அலசிய பிறகு போடுங்கள். மணல் துணியோடு போய்விடுவதில்லை. நீரை வெளியேற்றும் பம்ப்பின் ஃபில்டரில் தேங்கும், கதவு ரப்பரின் மடிப்பில் ஒளியும், ரப்பரையும் துணியையும் அரைக்கும்.

கடினநீரில் நுரை வரவில்லை என்று சோப்புத் தூளை அள்ளிப் போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கரையாத தூள் டிரம்மின் பின்னால் கெட்டியான கூழாகப் படிகிறது. ஃப்ரண்ட் லோடில் டிரம்மைத் தாங்கும் மூன்று கை கொண்ட ஸ்பைடர் அலுமினியக் கலவையால் ஆனது. டிரம்மோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். காரத்தன்மையுள்ள அந்தச் சோப்புக் கூழ் அரிப்பை இன்னும் விரைவாக்கும். ஒருநாள் பிழிதலின் நடுவே ஸ்பைடர் முறிந்தால் தொட்டியையும் சேர்த்து உடைக்கும். எனவே குறைந்த நுரை தரும் மெஷின் சோப்பையே, சோப்புப் பெட்டியில் கடினநீருக்குச் சொல்லியுள்ள அளவில் பயன்படுத்துங்கள். குளோரின் பிளீச்சைக் கூடுமானவரை தவிருங்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும்.

7. பராமரிப்பு: எதை, எப்போது

ஒவ்வொரு முறை துவைத்த பிறகும்: கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்துவிட்டு, கதவையும் சோப்புத் தட்டையும் திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் உள்ளே ஏறாதபடி அந்த அறையை மூடிவையுங்கள்.

வாரம் ஒருமுறை: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிக்கூட்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். முன்பக்கம் பளபளப்பாக இருந்தால் போதாது. கீழ்விளிம்பு, பின்பக்கம், திருகாணித் தலைகள் ஆகியவற்றில்தான் உப்பு அதிகம் படியும். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தானே இழுத்துக்கொள்ளும் என்பதால் மழையே இல்லாத நாளிலும் தகடு நனைந்தபடி இருக்கும்.

மாதம் ஒருமுறை: மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஃபில்டர்களைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் குழாயை மூடி, நீர் வரும் ஹோஸைக் கழற்றி, மெஷினின் வாயிலில் உள்ள சிறிய வலையைக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். அடுத்து பம்ப் ஃபில்டர். சூடான நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். தாழ்ந்த தட்டு ஒன்றை வைத்து, சிறிய வடிகுழாய் இருந்தால் அதன்வழி நீரை வடித்த பிறகு மூடியைத் திருகுங்கள். மணலை வழித்தெடுத்து, உள்ளே பம்ப்பின் சிறகு தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்து மூடுங்கள். டாப் லோடில் டிரம்மின் உட்புறம் உள்ள பஞ்சு வலையைக் கழுவினால் போதும்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை: கடினநீர் என்றால் படிவு நீக்குங்கள். சூடாக்கும் வசதியுள்ள மெஷினில் சுமார் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை வெற்று டிரம்மில் போட்டு, 60 டிகிரியில் ஓட்டி, பின்னர் ஒருமுறை வெறும் நீரில் அலசவிடுங்கள். கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அமிலத்தோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

ஆண்டுக்கு ஒருமுறை: கீறல் விழுந்த இடங்களை மெல்லத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமரும் பெயிண்டும் பூசுங்கள். பெயிண்ட் பூசிய தகட்டுக்குக் கார் மெழுகு நல்ல காப்பு. திருகாணித் தலைகளில் மெல்லியதாக கிரீஸ் தடவலாம். கதவு ரப்பரில் மட்டும் பெட்ரோலிய ஜெல்லியோ சாதாரண எண்ணெயோ படக்கூடாது. பல மெஷின்களின் ரப்பர் அதில் உப்பி நைந்துபோகும். அங்கே சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. நீர் ஹோஸ்களையும் வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

8. கோளாறு வந்தால் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியவை

தண்ணீர் மெதுவாக ஏறினால் நுழைவு வலையில் அடைப்பு இருக்கலாம். வடியாவிட்டால் பம்ப் ஃபில்டரையும் வடிகுழாயின் மடிப்பையும் பாருங்கள். பிழியாமல் நின்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கலாம், அல்லது நீர் முழுதாக வடிந்திருக்காது. மெக்கானிக்கை அழைக்கும் பல தருணங்கள் இந்த மூன்றுக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன.

பிழியும்போது விமானம் கிளம்புவது போன்ற இரைச்சல் எழுந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். வெற்று டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங்கோ ஸ்பைடரோ போய்விட்டது. தொட்டியின் பின்புறம் நடுவிலிருந்து பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் ஆயில் சீல் கசிகிறது. இந்த நிலையிலேயே சரிசெய்தால் சிறிய செலவு. இன்னும் சில வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் டிரம்மின் தண்டும் தேய்ந்து செலவு பெருகும்.

போர்டு, மோட்டார், கெப்பாசிட்டர் பக்கம் நீங்கள் கைவைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

9. மெக்கானிக்கை அழைக்கும் முறை

சேவை எண்ணைக் கையேட்டிலிருந்தோ மெஷினின் ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் எண்களில் போலிகள் உண்டு. முன்பணம் அனுப்பச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, போனில் ஏதாவது செயலியை நிறுவச் சொன்னாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

புகாரைப் பதிவு செய்ததும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறை வீடியோ எடுத்து வையுங்கள். ஆள் வரும்போது மெஷின் ஒழுங்காக ஓடிவிட்டால், பார்த்த கட்டணம் மட்டும் வீணாகும். திரையில் பிழைக் குறியீடு தெரிந்தால் அதையும் படமெடுங்கள். வந்து பார்க்கும் கட்டணம் எவ்வளவு, பழுது நீக்கினால் அது மொத்தத்தில் கழியுமா என்பதை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வந்தவர் திறந்து பார்த்ததும் போர்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கடலோரத்தில் போர்டு கெட்டதாகத் தோன்றும் பல சமயங்களில் ஒயர் இணைப்பு முனைகளில் பச்சைத் துருதான் காரணம். முனைகளைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து மாட்டிப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வேலை தொடங்கும் முன் பாகத்தின் விலை, கூலி, வரி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பாகத்துக்கு எவ்வளவு காலம் பொறுப்பு என்பதைப் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். பெல்ட், பம்ப், நுழைவு வால்வு போன்றவை வந்த அன்றே முடியும் வேலைகள். பேரிங் மாற்றத் தொட்டியை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால் கிட்டத்தட்ட ஒருநாள் போகும். போர்டு வரவழைக்க வேண்டியதாக இருந்தால் நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும். மழைக்காலத்தில் அழைப்புகள் குவியும். ஆண்டுச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

10. பழுதா, புதிதா?

பம்ப், வால்வு, பெல்ட், கதவுப் பூட்டு ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். போர்டு அல்லது முழுத் தொட்டி என்றால் நின்று கணக்குப் போடுங்கள். மொத்தச் செலவு, அதே அளவுள்ள புதிய மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், மெஷினும் பழையதாக இருந்தால், பழுது பார்ப்பதில் பொருளில்லை. கடலோரத்துக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. மெஷினைச் சாய்த்து அடித்தகட்டையும், தொட்டியைத் தொங்கவிடும் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இடங்களையும் திருகுளியால் தட்டிப் பாருங்கள். அங்கே தகடு பொடிந்தால், உள்ளே எந்தப் புதிய பாகம் போட்டாலும் அந்தக் கூடு அதைத் தாங்காது.

11. கடல்நீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டால்

புயலில் நீர் ஏறி மெஷின் நனைந்திருந்தால், வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். நீருக்குள் நின்றபடி சுவிட்ச் பலகையைத் தொடக்கூடாது. வீட்டுக் காப்பீடு இருந்தால், மெஷினை நகர்த்துவதற்கு முன் நீர் ஏறிய கோடு தெரியும்படி படமெடுங்கள். சீரியல் எண்ணும் படத்தில் வரட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். பில், படங்கள், சேதத்தைப் பற்றி டெக்னீஷியன் எழுதித் தரும் அறிக்கை ஆகிய மூன்றையும் கேட்பார்கள்.

கடல்நீர் பட்ட பாகங்களை அப்படியே காயவிட்டால் உப்பு உள்ளே தங்கி, ஈரத்தை இழுத்து, மாதங்கள் கழித்தும் அரிக்கும். ஆகவே டெக்னீஷியனை வைத்து மோட்டாரையும் இணைப்புகளையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, முழுமையாக உலர்த்தி, மோட்டாரின் இன்சுலேஷனை (மின் காப்பை) மெகர் என்ற அளவுக் கருவியால் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தைத் துணியில்லாமல், ஆர்.சி.சி.பி. இருக்கும் இணைப்பில், அவர் அருகில் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். பாதியில் இணைப்பு துண்டானால் எங்கோ இன்னும் கசிவு இருக்கிறது. மறுபடி சுவிட்சைப் போடாமல் அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.